எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் பிளஸ் ஒன், பிளஸ் டூ: இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் எழுதுவது

மகள் 2023-ல் பிளஸ் டூ முடித்தாள். மகன் 2025-ல் முடித்தான். இரண்டு ரிசல்ட்டும் மே 8-ஆம் தேதிதான் வந்தது. இரண்டு தடவையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அதனால் இரண்டு தடவையும் அவர்கள் அப்பா வீட்டில் இருந்தார். மகள் மார்க்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். மகன் மார்க்கைப் பார்த்துவிட்டு, "அடுத்து என்னடா செய்யலாம்னு இருக்கே?" என்று கேட்டார். அவன் முழித்தான். அந்தக் கேள்வியை அவனிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை என்பது எனக்கு அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. பதினேழு வயது. இரண்டு வருஷம் மேல்நிலை வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான்.

அந்தப் பள்ளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, என் தங்கச்சி பிள்ளைகள் இன்னும் அங்கே படிக்கிறார்கள். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டின ஊர் என்பது மட்டும் போதும். ஜூன் மாதம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று என் கடைக்கு வந்து கேட்கிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொருத்தருக்கும் நின்றுகொண்டே சொல்வதை இங்கே உட்கார்ந்து சொல்கிறேன்.

என் கடை ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, வருமானச் சான்று, சாதிச் சான்று, பரீட்சைக் கட்டணம் எல்லாம் போடுகிறேன். பதினான்கு வருஷம் ஆகிறது. பத்தாவது முடித்த பிள்ளையும் வரும், பிளஸ் டூ முடித்த பிள்ளையும் வரும், இரண்டும் முடிக்காமல் படகுக்குப் போன பிள்ளையும் வரும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளை எப்படிப் பேசுகிறது, எங்கே கையெழுத்துப் போடத் தயங்குகிறது, எதைப் படிக்காமலே 'சரி' என்கிறது என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. மார்க் பட்டியலை நான்தான் பிரிண்ட் போடுகிறேன், அதனால் மார்க்கும் எனக்குத் தெரியும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். 600-க்கு 530-க்கு மேல். கல்லூரியில் கட்டணம் கட்ட அவகாசம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதணும். வெள்ளைத்தாளை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவன் பத்து நிமிஷம் கழித்து வந்து, "அக்கா, அனுப்புநர்ல எம்பேரு எழுதணுமா, அப்பா பேரா?" என்று கேட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து அனுப்புநர், பெறுநர் எழுதிய பிள்ளை அது. தமிழ்ப் பரீட்சையில் அந்தக் கடிதத்துக்கு முழு மார்க் வாங்கியிருப்பான். தெருவிளக்கு கேட்டு மாநகராட்சி ஆணையருக்கு எழுதியிருப்பான். தன் பெயரை வைத்துத் தனக்காக ஒரு காகிதம் எழுதினதில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன், அழகாக எழுதினான். கெட்டிக்காரப் பிள்ளை.

நான் பிளஸ் டூ முடித்தது 1999-ல். 1200 மார்க் காலம். தொழிற்கல்விப் பிரிவு எடுத்தேன், அலுவலக மேலாண்மையும் செயலியலும் என்று பெயர். "வொகேஷனலா?" என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். எங்கள் டீச்சர் வாரம் இரண்டு நாள் தட்டச்சு மெஷின் முன்னால் உட்கார வைப்பார். கோப்பு போடுவது எப்படி, வந்த தபாலைப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி, அதிகாரிக்கு எழுதுகிற கடிதத்தில் 'பொருள்' என்ற இடத்தில் ஒரே வரியில் விஷயத்தைச் சொல்வது எப்படி, எல்லாம் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். வங்கிச் செலானை உண்மையாகவே வங்கியிலிருந்து கட்டாக வாங்கி வந்து நிரப்பச் சொன்னார். இன்றைக்கு என் கடை நடப்பது அந்த இரண்டு வருஷத்தில் படித்ததை வைத்துத்தான். அதனால் மேல்நிலை வகுப்பு என்றால் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: பிள்ளை அங்கிருந்து வெளியே வரும்போது, தானே முடிவெடுத்து, தானே செய்து பார்த்து, தப்பினால் தானே திருத்தி, கீழே தன் கையெழுத்தைப் போடப் பழகியிருக்க வேண்டும். இந்தப் பள்ளியில் அது எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் குரூப் எடுத்த கதை.

மகள் பத்தாவது படித்தது 2020–21. கொரோனா. பரீட்சையே இல்லை, எல்லோருக்கும் தேர்ச்சி, சான்றிதழில் மார்க் கிடையாது. பிளஸ் ஒன் சேர்க்கப் போனபோது மார்க் இல்லாததால் டீச்சருக்குப் பிள்ளையிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. "ஒனக்கு என்ன புடிக்கும்? வீட்டுல யாரு கணக்கு வழக்குப் பாக்குறது?" என்று கேட்டார். அவள், "நான்தான் டீச்சர், அம்மா கடைக் கணக்கு" என்றாள். கால் மணி நேரம் பேசினார்கள், நான் பக்கத்தில் நின்றேன். காமர்ஸ் குரூப் எடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து மகனுக்குப் போனோம். அவனுக்கு மார்க் இருந்தது, நல்ல மார்க். அட்டவணையைப் பார்த்து, "இந்த மார்க்குக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கெடைக்கும்மா, சந்தோஷமா போங்க" என்று எழுதிவிட்டார்கள். நானும் சந்தோஷமாகத்தான் வந்தேன். அவன் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான், உள்ளே கூப்பிடவே இல்லை. அவனுக்கு ஆறாவதிலிருந்தே இன்ஜின் பைத்தியம். சனி, ஞாயிறு சித்தப்பாவின் வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், நண்டு வலைக்குப் போனால் வலையைவிட இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருப்பான். அது எனக்குத் தெரியும், அவன் அப்பாவுக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. மார்க் இல்லாத வருஷத்தில் பிள்ளையைக் கேட்டார்கள், மார்க் இருந்த வருஷத்தில் மார்க்கைக் கேட்டார்கள். இந்தக் குறையில் எனக்கும் பாதி உண்டு.

இனி நல்லது. இதை நிறையச் சொல்லணும்.

மகளுக்கு வாய்த்த கணக்குப்பதிவியல் டீச்சர் பிளஸ் ஒன்னில் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் நடக்கிற ஒரு மாத வரவு செலவை ரொக்க ஏடாக எழுதி வரணும், புத்தகத்தில் இருக்கிற கற்பனைக் கம்பெனி வேண்டாம். எங்கள் வீட்டு ரொக்க ஏடு எப்படி இருக்கும்? அவள் அப்பா விசைப்படகில் டிரைவர். படகு கரைக்கு வந்து மீன் எடை போட்டு, விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்து, மிச்சத்தில் முதலாளிக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். கணக்கு ஒரு துண்டுச் சீட்டில் வரும். இருபது வருஷமாக அவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, துவைக்கும்போது நான் எடுத்துப் போடுவேன். மகள் முதன்முறையாக அதை விரித்து வைத்து வரிவரியாக எழுதினாள். மூன்றாவது சீட்டில் பேனா நின்றது. "அப்பா, ஐஸ் ரெண்டு தடவ போட்டுருக்கு."

அவர் நம்பவில்லை. "அவுங்க அப்புடியெல்லாம் செய்ய மாட்டாங்கத்தா." அவள் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். மேலே ஐஸ் என்று ஒரு தொகை, கீழே சில்லறைச் செலவுக்குள் அதே தொகை. மறுநாள் அவர் கூட்டிப்போனார். அவளே கணக்குப்பிள்ளையிடம், "மாமா, இது ரெண்டு எடத்துல வந்துருக்கு, கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை, தலையும் குனியவில்லை. அவர் பார்த்துவிட்டு, கைப்பிசகு என்று ஒத்துக்கொண்டு திருத்தினார். ஆளுக்கு வந்தது நூறு, நூற்றைம்பது ரூபாய்தான். அன்றிலிருந்து அந்தப் படகில் மற்ற ஆட்களும் சீட்டைப் படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கணக்குப்பிள்ளையும் கோபப்படவில்லை, அவர் மகளும் அதே பள்ளிதான். மகளுக்கு அப்போது பதினாறு வயது. ரொக்க ஏட்டுக்கு டீச்சர் எத்தனை மார்க் போட்டார் என்று எனக்கு ஞாபகமில்லை.

மகனுக்கு அதே மாதிரி கிடைத்தது வேதியியல் ஆய்வகம். பல பள்ளியில் ஆய்வகக் கதவு செய்முறைத் தேர்வுக்கு முந்தின மாதம்தான் திறக்கும் என்று என் கடைக்கு வரும் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே இருந்த வேதியியல் சார் வியாழக்கிழமை தவறாமல் திறப்பார். பியூரெட் என்கிற அளவுக் குழாயில் பர்மாங்கனேட், பிப்பெட்டால் உறிஞ்சிக் கூம்புக் குடுவையில் விட்ட கரைசல். சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு வந்து நிலைத்து நிற்கிற இடத்தில் நிறுத்தி அளவைக் குறிக்கணும். ஒரே அளவு இரண்டு தடவை வருகிறவரை திரும்பச் செய்யணும். மகன் முதல் தடவை 19.6 என்று பார்த்துவிட்டு, மீதி இரண்டு கட்டத்திலும் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து 19.6, 19.6 என்று எழுதிவிட்டான். சார் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஒங்கண்ணு பாத்ததா, அவன் நோட்டு பாத்ததா?" என்று கேட்டாராம். அடிக்கவில்லை, திட்டவில்லை. குடுவையைக் கழுவச் சொல்லி முதலிலிருந்து செய்ய வைத்தார். இரண்டாவது தடவை 19.9. மூன்றாவதும் 19.9. முதலில் பார்த்த 19.6-தான் பிசகு, நிறம் நிலைக்குமுன்னே அவசரப்பட்டுக் குழாயை மூடியிருக்கிறான். "தப்பா வந்ததையும் எழுது. அடிச்சுட்டு கீழ சரியானத எழுது. அழிக்காத" என்றார். அஞ்சு மணி பஸ் போய்விட்டது. சார் தன் வண்டியில் மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டுப் போனார்.

இப்போது சித்தப்பா வல்லத்துக்கு அவன் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். டீசல் ஊற்றிய அளவு, இன்ஜின் ஓடிய மணி, ஆயில் மாற்றிய தேதி. அந்த நோட்டில் அடித்து எழுதிய இடம் நிறைய இருக்கும். அழித்த இடம் ஒன்றுகூட இருக்காது.

கடற்கரைக்கு வந்த டீச்சரைப் பற்றியும் சொல்லணும். பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு பையன் பள்ளிக்கு வரவில்லை, ஒன்பது நாள். நண்டு நல்ல விலை போன நேரம். படகில் ஏறினால் பங்கு உண்டு, கையில் காசு வருகிறது, பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேணும்? வகுப்பு டீச்சர் அதிகாலை ஆறு மணிக்கு, வல்லம் கரையேறுகிற நேரத்துக்கு, நேராகக் கடற்கரைக்கே வந்தார். ராமநாதபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்திருக்கிறார். பையனின் அப்பாவிடம், "இவன் கடலுக்குப் போறது தப்புன்னு சொல்ல வரல. மார்ச்சு வரைக்கும் சனி, ஞாயிறு மட்டும் கூட்டிட்டுப் போங்க. அப்பறம் அவனே முடிவு பண்ணட்டும்" என்றார். வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டே பையன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பரீட்சை எழுதித் தேர்ச்சி பெற்றான். இன்றைக்கும் கடலுக்குத்தான் போகிறான். ஆனால் வங்கிக் கடனுக்கு வந்தால் பாரத்தை முழுக்கப் படித்துவிட்டு, வட்டி எத்தனை, தவணை தவறினால் என்ன என்று என்னிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு அந்தப் படிப்பு வீண் என்று சொல்கிறவர்கள் இவனை வந்து பார்க்கணும்.

பெயர்ப் பட்டியல் விஷயம் சின்னது மாதிரித் தெரியும், எனக்குச் சின்னதில்லை. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகுமுன், இந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுத் தன் பெயர், இனிஷியல், பிறந்த தேதியைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, தானே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் பட்டியலில் முன்னால், சாதிச் சான்றில் அப்பா பெயர் முழுசாக என்று மாறி மாறி இருந்து, பாஸ்போர்ட்டுக்கும் உதவித்தொகைக்கும் அலைந்து கண்ணீர் விட்ட பிள்ளைகளை நான் வாரம் ஒருத்தராவது பார்க்கிறேன். இந்தப் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த அலைச்சல் குறைவு. இதைச் செய்கிற அலுவலகப் பணியாளருக்கும் வகுப்பு டீச்சர்களுக்கும் என் நன்றி.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மகளுக்குப் பதினேழு முடியுமுன்னே பேச வந்துவிட்டார்கள், என் சொந்தத்திலேயே. "பத்தாவது முடிச்சாச்சுல்ல மதினி, இன்னும் எதுக்கு?" பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று சொல்ல முடிந்தது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. அதற்குள் புதுமைப் பெண் திட்டமும் வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கினார்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே வரும். அதற்கு முன் என் கடையில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்துக்குத்தான் பிள்ளைகளுக்காகத் தாய்மார் வந்து விண்ணப்பம் போடுவார்கள், தாலிக்குத் தங்கத்துக்கு. அந்தத் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். இப்போது அதே பெஞ்சில் பிள்ளையே வந்து உட்கார்ந்து தன் கணக்கு எண்ணைத் தானே சொல்கிறது. பையன்களுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.

சரி, குறைகள்.

மகனுக்குப் பிளஸ் டூ தொடங்கி அஞ்சு மாதம் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாக ஒரு தற்காலிக ஆசிரியரைப் போட்டார்கள், பாவம் அவர் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்தார். அந்த அஞ்சு மாதத்தை ஈடுகட்ட மாதம் 800 ரூபாய் கொடுத்து டியூஷன் வைத்தேன். வைக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

விலங்கியலில் மனித இனப்பெருக்கம், இனப்பெருக்க நலன் என்று பாடம் இருக்கிறது. அறிவியல் குரூப் பிள்ளைகளுக்கு அதை நடத்தவில்லை, "வீட்டுல படிச்சுக்கங்க" என்று தாண்டிவிட்டார்கள் என்று அந்த வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் என் கடையில் சொன்னார்கள். கல்யாணம் பேசுகிற வயதில் இருக்கிற பிள்ளைகள். இவர்களுக்கு இதைச் சொல்லித் தர இதைவிடச் சரியான இடமும் நேரமும் எது? அந்த இரண்டு பேரையும் உட்கார வைத்து எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். ஒரு டீச்சர் சொல்லியிருந்தால் நாற்பது பேருக்குப் போயிருக்கும்.

பதினேழு வயதுப் பையனை ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நடத்துவது இன்னொன்று. முடி கொஞ்சம் நீளம் என்று என் மகனை வகுப்பு முன்னால் நிறுத்தி வைத்தார்கள். பெண்களும் பையன்களும் பேசினால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். ஜூலையில் கல்லூரிக்குப் போனால் ஒரே பெஞ்சு, ஒரே ஆய்வகம். மூன்று மாத இடைவெளியில் பிள்ளை எங்கிருந்து பழகிக்கொள்ளும்? என் பெரியப்பா அடிக்கடி சொல்வார். 1978-ல் பிளஸ் டூ வருமுன், பதினொன்றாவதோடு எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் கல்லூரியில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு, பி.யூ.சி. அவர் பி.யூ.சி. படித்தவர். "எங்கள 'மிஸ்டர்'னு கூப்புட்டாங்கத்தா. பதினாறு வயசுல ஒருத்தன் மிஸ்டர்னு கூப்புட்டா முதுகு தானா நிமிரும்." அதே வயதுப் பிள்ளையைத்தான் இப்போது பள்ளிக்குள் வைத்திருக்கிறோம். பள்ளிக்குள் வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அப்துல் கலாம் ஐயா ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்துவிட்டு, இண்டர்மீடியட்டுக்கு 1950-ல் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தப் படிப்பு இலவச பஸ் பாஸில் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, அதனால்தான் எங்கள் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். பக்கத்திலேயே கொண்டுவந்தோம், அந்த 'மிஸ்டர்' மட்டும் வழியில் விட்டுப்போயிற்று.

மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிற ஒரு தோழி இந்தப் பேச்சு வந்தால் இலங்கையில் தான் ஏ.எல்., அதாவது உயர்தரம், படித்த காலத்தைச் சொல்லுவாள். மன்னாரில் படித்தவள். இங்கிலாந்தில் பதினாறு முதல் பதினெட்டு வயதுவரை சிக்ஸ்த் பார்ம் என்று இரண்டு வருஷம், பெரும்பாலும் மூன்று பாடம் எடுத்து ஏ லெவல் எழுதுவார்கள். இலங்கையின் உயர்தரமும் அந்த வழியில் வந்ததுதான். "எங்களுக்கு மூண்டு பாடந்தான் அக்கா. ஆனா ஆழமாப் படிக்கோணும். மூண்டு தரம் வரைக்கும் எழுதலாம். ஒருக்கா விட்டாப் போச்செண்டு ஒருத்தரும் அழ மாட்டினம்" என்பாள். மூன்று பாடம் போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் பிள்ளைகள் தமிழும் இங்கிலீஷும் சேர்த்து ஆறு படிக்கிறார்கள், தமிழ் கடைசிவரை கூட வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தடவை விட்டால் போயிற்று என்ற பயம் நம்மிடம் அதிகம். இங்கேயும் துணைத்தேர்வு உண்டு, அதே வருஷமே எழுதிக் கல்லூரி சேரலாம். ரிசல்ட் அன்றைக்கு என் கடையில் அழுகிற பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டு அதைத்தான் சொல்கிறேன். அதைப் பள்ளி பரீட்சைக்கு முன்னாலேயே சொல்லியிருக்கணும்.

பணம் கட்டி வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: என் நாத்தனார் மகனைச் சேர்த்தார்கள், மேற்கே ஒரு ஊரில். நகையை வைத்துக் கட்டினார்கள். பிளஸ் ஒன் பாடத்தை அங்கே தொட்டும் தொடாமலும் ஓட்டிவிட்டு முதல் வருஷத்திலேயே பிளஸ் டூ பாடம். காலை அஞ்சு முதல் ராத்திரி பத்துவரை படிப்பு, துணி துவைக்க ஆள், சோறு தட்டில் வரும். மார்க் என் மகனைவிட நூறு கூடுதல், மறுக்கவில்லை. கல்லூரியில் முதல் செமஸ்டரில் பிளஸ் ஒன் கணக்கு தெரியாமல் மூன்று பேப்பர் நின்றது. எழுப்பிவிட ஆள் இல்லாத அறையில் எப்போது எழுந்திருப்பது என்றே தெரியவில்லை என்று என்னிடம் சொன்னான். நல்ல பையன், இப்போது தேறிவிட்டான். அந்த முதல் வருஷம் அவன் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்காது.

பிளஸ் ஒன்னை இப்படித் தாண்டக்கூடாது என்றுதான் 2017–18-ல் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். மொத்தம் 1200 என்பது 600 ஆனதும் அப்போதுதான். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையில் அந்தப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாரம் இறங்கியது. ஆனால் இறங்கிய இடத்தில் என்ன வைக்கப்போகிறோம்? என்னைக் கேட்டால் அந்த வருஷத்தில் வாரம் இரண்டு பாடவேளை போதும். வங்கிக்குக் கூட்டிப்போங்கள். ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப்போங்கள். மண்டபத்தில் பல வருஷமாக மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, கடலில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலைப் பார்த்திருக்கிறார்கள்? மீன்வளப் படிப்பு தூத்துக்குடியில் இருக்கிறது, நாகப்பட்டினத்தில் அதற்கென்றே பல்கலைக்கழகம் இருக்கிறது என்று என் மகனுக்குத் தெரிந்தது பிளஸ் டூ முடிந்த பிறகு, என் கடைக் கம்ப்யூட்டரில். 'நான் முதல்வன்' என்கிற அரசுத் திட்டத்தில் அவர்களை ஒரு நாள் கல்லூரி பார்க்கக் கூட்டிப்போனார்கள், அது நல்ல காரியம். அந்த ஒரு நாளைப் பற்றி அவன் ஒரு வாரம் பேசினான். நான் படித்த தொழிற்கல்விப் பிரிவு இந்தப் பள்ளியில் முன்பு இருந்ததாம், ஆசிரியர் ஓய்வுபெற்றதும் மூடிவிட்டார்கள். திரும்பத் திறக்கச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'பொருள்' ஒரே வரிதான்.

செலவு என்று பார்த்தால் ரெக்கார்டு நோட்டு, செய்முறைச் சாமான், அந்த டியூஷன், வேறொன்றுமில்லை. கட்டணம் இல்லை. பிளஸ் ஒன்னில் சைக்கிள் கொடுக்கிறார்கள். உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் செயின் துருப்பிடிக்கும், வாங்கிய அன்றே எண்ணெய் போட்டு வையுங்கள். பெண்கள் கழிப்பறையில் வரும் தண்ணீர் உவர்த்தண்ணீர், வாடைக்காலத்தில் மைதானம் முழுக்கச் சேறு. மாற வேண்டியவை, இன்னும் மாறவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த மூன்றரையில் பெரும்பங்கு மூன்று ஆசிரியர்களுக்கு. அவர்களில் வேதியியல் சார் மாறுதலில் போய்விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையைச் சேர்க்கலாமா என்றால், சேருங்கள். என் தங்கச்சி மகளை அங்கேதான் சேர்த்திருக்கிறோம்.

மகள் இப்போது பி.காம். கடைசி வருஷம். மகன் ரிசல்ட்டுக்கு அடுத்த நாள் அப்பாவிடம் பதில் சொன்னான், டீசல் மெக்கானிக் படிக்கிறேன் என்று. அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். பத்தாவது முடித்தே சேர்ந்திருக்கலாமே, இரண்டு வருஷம் போச்சே என்று அவனிடம் நான் கேட்டுவிட்டேன். "போகலம்மா. அங்க என்கூட படிக்கிறவன் இன்ஜின் புக்கப் பாத்தா ஒதுக்கி வச்சுர்றான். நான் படிச்சுப் பாக்குறேன். புரியலன்னா சார்ட்ட கேக்குறேன்" என்றான்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ், பத்தாவது மார்க் பட்டியல், ஆதார், சாதிச் சான்று, போட்டோ நாலு எடுத்துப் போங்கள். பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைக்காமல் உள்ளே கூட்டிப் போய், டீச்சர் முன்னால் அதையே பேச விடுங்கள். பதினேழு முடிந்த பிள்ளைகள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம், பிளஸ் டூ படிக்கும்போதே செய்துவிடலாம். என் கடை ஞாயிறு மதியம் தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். அந்தப் படிவத்துக்கு நான் காசு வாங்குவதில்லை. பிள்ளைதான் வரணும், அப்பா அம்மா வந்தால் எழுதித் தரமாட்டேன்.